முகம் பாராமல் அனுப்பின காகிதம்

சிநேகிதனுக்கு விரோதமாய்ச் சாட்சி சொன்னவனை மன்னிப்பது கஷ்டமா, பக்கத்திலேயே இருந்து தினமும் தொல்லை கொடுக்கிறவனைச் சுமப்பது கஷ்டமா? முதலாவதுதான் கஷ்டம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். டிக்கி பெட்ஸ் என்கிற அமெரிக்கப் பாடகரின் ஜீவியத்தைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

இவர் 1943-ல் ஃப்ளோரிடாவில் பிறந்தவர். கித்தார் வாசிப்பதில் சமர்த்தர். 1969-ல் டுவேன், கிரெக் என்ற அண்ணன் தம்பியோடு சேர்ந்து 'ஆல்மன் பிரதர்ஸ்' இசைக்குழுவைத் தொடங்கினார். 'சதர்ன் ராக்' என்று ஜனங்கள் சொல்லுகிற சங்கீதத்துக்கு வழி திறந்தவர்கள் இவர்களே. 1971-ல் டுவேன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மரித்தார். மறுவருஷம் அதே மேக்கன் பட்டணத்தில், அந்த இடத்துக்குச் சமீபத்திலேயே, பெர்ரி ஓக்லியும் அதேவிதமாய்ப் போனார். இருவருக்கும் வயது 24. அதற்குப்பின் பாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டவர் பெட்ஸ்தான். 1973-ல் அவர் எழுதிப் பாடின பாட்டு அமெரிக்கா முழுவதும் இரண்டாம் இடத்துக்கு ஏறிற்று.

1976-ல் ஒரு போதைமருந்து வழக்கு வந்தது. தனக்குத் தண்டனை வராது என்ற உறுதியைப் பெற்றுக்கொண்டு, கிரெக் தங்கள் குழுவின் ஊழியருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அந்த மனுஷனுக்கு 75 வருஷச் சிறை! (மேல்முறையீட்டில் 1978-ல் அந்தத் தீர்ப்பு தள்ளுபடியானது.) கிரெக் சொன்னது பொய்யல்ல, உண்மைதான். ஆனாலும் தன் தலையைத் தப்புவிக்கச் சொன்ன உண்மை, என்னங்க செய்வது, கேட்கிறவன் இருதயத்தைக் குத்தத்தான் செய்யும். இனி இவனோடு வாசிக்கவே முடியாது என்றார் பெட்ஸ். குழு உடைந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், 1978-ல் அவர்களே மறுபடியும் ஒன்றாய்ச் சேர்ந்தார்கள். அவ்வளவு பெரிய காயத்தை இரண்டே வருஷத்தில் விழுங்கிவிட்டார்கள்.

ஆனால் 2000-ல் நடந்ததைப் பாருங்கள். பெட்ஸுக்குக் குடி இருந்தது, கோபமும் இருந்தது. கூட இருந்தவர்கள் களைத்துப்போனார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். குடிக்கிறவனோடு ஒரே வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடைகாலக் கச்சேரிகளுக்கு நீ வேண்டாம் என்று தீர்மானித்தார்கள். அதுவும் நியாயமாக இருக்கலாம். ஆனால் முப்பது வருஷம் கூட இருந்தவனுக்கு அதை ஒரு ஃபேக்ஸ் காகிதத்தில் அனுப்பினார்களே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. நேரில் போயிருந்தால் அவர் சத்தம் போட்டிருப்பார், அழுதிருப்பார், ஒருவேளை அடிக்கவும் வந்திருப்பார். அந்த அரைமணி நேரத்துக்குப் பயந்து காகிதத்தை அனுப்பினார்கள். நாமும் அப்படித்தானே? அடுத்த தெருவில் இருக்கிறவரிடம் போகாமல், வேறொருவர் கையில் சீட்டு கொடுத்து அனுப்புகிறோம்.

பெட்ஸ் அந்தக் குழுவுக்குத் திரும்பவே இல்லை. ஆனாலும் கிரெக் சுகவீனமாய் இருந்த நாட்களில் இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். 2017 மே மாதம் கிரெக் மரித்தார். எப்படி இருக்கிறார் என்று விசாரிக்க அவருக்கு ஃபோன் போடலாம் என்று தான் நினைத்துக்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்தச் செய்தி வந்தது என்று பெட்ஸ் சொன்னார். அடக்க ஆராதனைக்கு மேக்கனுக்கே வந்து உட்கார்ந்திருந்தார். ஏழு வருஷம் கழித்து, 2024-ல், அவரும் போய்ச் சேர்ந்தார்.