யாருடைய பொற்காலம்?

“அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி இப்ப எங்கை வருகுது?” என்ற கேள்வி எம்மவர் வீடுகளில் ரி. எம். சௌந்தரராஜனைப் பற்றி மட்டும் எழுவதில்லை. இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக ஒலிபரப்பில் பீற்றில்ஸைக் கேட்டு வளர்ந்து, பின்னர் இலண்டனில் குடியேறியவர்கள் பிரித்தானியப் பொப் இசை பற்றியும் இதே தொனியில்தான் கதைக்கிறார்கள். அவர்களுடைய வெள்ளைக்கார அயலவர்களும் அப்படியே. 1960களும் 1970களும் பொற்காலம், இன்று வருவதெல்லாம் கணினி போடும் சத்தம் என்பது கிட்டத்தட்ட ஒரு பொது அபிப்பிராயமாகிவிட்டது. இது உண்மையா என்பது ஒரு கேள்வி. இதைச் சொல்லும்போது நாம் யாருக்கு என்ன செய்கிறோம் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதே எனக்கு முக்கியமாகப்படுகிறது. ஆனால் முதலாவதைக் கடந்துதான் அதற்குப் போகவேண்டும்.

1967 ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருடத் தொடக்கத்தில் பீற்றில்ஸ் ‘ஸ்ரோபெரி ஃபீல்ட்ஸ் ஃபொரெவர்’, ‘பென்னி லேன்’ என்ற இரண்டு பாடல்களையும் ஒரே இசைத்தட்டில் வெளியிட்டார்கள். இன்று அவை அந்தக் காலத்தின் சிகரங்களாகப் பேசப்படுகின்றன. அன்று அவற்றை முதலிடத்துக்கு வரவிடாமல் தடுத்தது எங்கெல்பேர்ட் ஹம்பர்டிங்கின் ‘றிலீஸ் மீ’ என்ற உருக்கமான காதல் பாட்டு. (இந்தப் பாடகர் 1936 இல் சென்னையில் பிறந்தவர்.) 1965, 1966, 1968 ஆகிய மூன்று வருடங்களிலும் பிரித்தானியாவில் அதிகம் விற்ற நீள் இசைத்தட்டு ‘த சவுண்ட் ஒஃப் மியூசிக்’ படத்தினுடையது. அதாவது, இன்று எமது நினைவில் இருக்கும் 1960கள் அன்று பிரித்தானியர் வாழ்ந்த 1960கள் அல்ல. காலம் புடைத்துப் புடைத்து எடுத்துத் தந்த அரிசியை, சூடடித்த களத்தில் இன்னும் பதரோடு கிடக்கும் நெல்லுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோம். இதில் நெல் தோற்காமல் என்ன செய்யும்?

இவ்வளவோடு விடயம் முடிந்துவிடாது. புடைத்தபின் எஞ்சியது அன்று கூடுதலாக இருந்திருக்கலாம் அல்லவா? ஆய்வாளர்களும் இதை அளக்க முயன்றிருக்கிறார்கள். 2012 இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் 1955 முதல் 2010 வரையான 464,411 ஒலிப்பதிவுகளைக் கணினியால் ஆராய்ந்து, ஓசையின் நிறபேதம் சுருங்கி வந்திருக்கிறது, சத்தம் ஏறி வந்திருக்கிறது என்றார்கள். 2015 இல் இலண்டன் ஆய்வாளர்கள் 1960 முதல் 2010 வரை அமெரிக்க முன்னணிப் பட்டியலில் இடம்பெற்ற சுமார் 17,000 பாடல்களை ஆராய்ந்து, அப்படித் தொடர்ச்சியான வறட்சி எதுவும் இல்லை என்றார்கள். இரண்டுமே ஓசையின் பல்வகைமையை அளந்தனவே தவிர, பாட்டின் பெறுமதியை அளக்கவில்லை. எண்கள் எமக்காகத் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

‘கணினிச் சத்தம்’ என்ற குற்றச்சாட்டும் நிலைக்காது. பீற்றில்ஸ் தமது முதல் நீள் இசைத்தட்டின் பத்துப் பாடல்களை 1963 பெப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பாடிப் பதிவு செய்தார்கள் என்பது உண்மை. அதே பீற்றில்ஸ்தான் 1966 இல் ஒலிநாடாக்களை வெட்டி, வளையமாக ஒட்டி, ஓடவிட்டு ‘டுமொறோ நெவர் நோஸ்’ என்ற பாடலைச் செய்தார்கள். அந்த ஓகஸ்டுடன் இசைப்பயணங்களை நிறுத்திவிட்டு ஒலிப்பதிவுக்கூடத்தையே வாத்தியமாக்கிக் கொண்டார்கள். அவர்கள் கையில் இயந்திரம் கலையானால், இன்றைய பிள்ளையின் கையில் அது ஏன் மோசடியாகிறது?

டேவிட் ஹியூம் 1757 இல் ரசனையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில் ஓர் அவதானிப்பு உண்டு. இருபது வயதில் ஒவிட் பிடிக்கும், நாற்பதில் ஹொறேஸ், ஐம்பதில் டாசிட்டஸ். இதில் குறை சொல்ல எதுவுமில்லை, நண்பரைத் தேர்வதுபோல எமது இயல்புக்கு ஒத்த ஆசிரியரைத் தேர்கிறோம் என்கிறார் அவர். அதேவேளை நல்லது கெட்டது என்ற பேதமே இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. பழகிய காதும் பக்கச்சார்பற்ற மனமும் உள்ளவர் சொல்வதற்குப் பெறுமதி உண்டு என்பது அவர் வாதம். இங்கேதான் நாம் தவறுகிறோம். பழைய பாட்டை ஆயிரம் தரம் கேட்டிருக்கிறோம். புதியதைப் பிள்ளையின் அறைக் கதவுக்கு வெளியே நின்று அரை நிமிடம் கேட்டிருக்கிறோம். ஒரு பக்கச் சாட்சியை மட்டும் விசாரித்துவிட்டு எழுதும் தீர்ப்பு இது.

இன்றைய இசையில் உண்மையாகவே ஏதோ குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பழி யாருடையது? ஜோன் லெனன் லிவர்பூலிலும், பீற் ரவுன்சென்ட் ஈலிங்கிலும், றே டேவிஸ் ஹோர்ன்சியிலும் கலைக்கல்லூரிகளில் இருந்தவர்கள். பெரிய வசதியில்லாத வீட்டுப் பிள்ளை சில வருடங்கள் படம் வரைந்தும் கிற்றார் வாசித்தும் காலம் கழிக்க அன்றைய அரசு இடம் கொடுத்தது. 1998 இல் பல்கலைக்கழகக் கட்டணம் வந்தது. 2012 இல் அது இங்கிலாந்தில் வருடத்துக்கு 9,000 பவுண் வரை உயர்ந்தது. ஸ்பொற்றிபை போன்ற தளத்தில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடினால்தான் அது கேட்கப்பட்டதாகக் கணக்கில் சேரும். ஆறுதலாகத் தொடங்கும் பாட்டுக்கு அங்கே தண்டனை. இந்த நிலைமைகளை உண்டாக்கியவர்கள் இளைஞர்கள் அல்லர். எமது தலைமுறையினர் ஆண்ட காலத்தில், எமது வாக்குகளோடும்தான் இவை வந்தன.

இனி, எம்மைப் போன்றவர்கள் கேட்கவேண்டிய கேள்வி: அது யாருடைய பொற்காலம்? பொப் மார்லியின் பாட்டொன்றைப் பாடி 1974 இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த எரிக் கிளப்ரன், 1976 ஓகஸ்டில் பேர்மிங்ஹம் மேடையில் ஈனொக் பவலை ஆதரித்து, வெளிநாட்டவரை வெளியேறச் சொன்னார். பல வருடங்களின் பின் அதற்காக வெட்கப்படுவதாகவும் சொன்னார். அந்தப் பேச்சுக்கு எதிர்வினையாகவே ‘இனவாதத்துக்கு எதிரான றொக்’ இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று இலண்டன் விக்ரோறியா பூங்காவில் த கிளாஷ், ஸ்ரீல் பல்ஸ் முதலிய குழுக்கள் பெருங்கூட்டத்தின் முன் பாடின. நான்கு நாட்களின் பின், அங்கிருந்து அதிக தூரமில்லாத வைற்சப்பலில், அல்தாப் அலி என்ற வங்காள இளைஞர் வேலை முடிந்து வரும் வழியில் இனவெறியர்களால் கொல்லப்பட்டார். பொற்காலத்தின் தெருக்கள் அப்படித்தான் இருந்தன. அந்த இசையை நேசிக்கலாம். அந்தக் காலத்துக்குத் திரும்பிப்போக ஆசைப்படுவதற்கு எமக்குக் காரணம் எதுவுமில்லை.

த கிளாஷ் 1982 இல் ‘ஸ்ரெயிற் ரு ஹெல்’ என்றொரு பாடலைத் தந்தார்கள். எந்த நாட்டாலும் ஏற்கப்படாமல் தள்ளிவிடப்படும் மனிதர்களைப் பற்றியது அது. இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து, 1986 இல் அகதியாகத் திரும்பிய மாதங்கி அருள்பிரகாசம் – மியா – அந்தப் பாடலின் இசைத்துண்டை எடுத்து அதன்மேல் 2007 இல் ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலைக் கட்டினார். 2008 இல் அது அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம்வரை போனது. வெட்டி ஒட்டுவதெல்லாம் இசையா என்று பழைய ரசிகர்கள் கேட்கலாம். யாரைப் பற்றி அந்தப் பழைய பாட்டு எழுதப்பட்டதோ, அவர்களில் ஒருத்தியே இருபத்தைந்து வருடங்களின் பின் வந்து அதை எடுத்துப் பேசினாள் என்றுதான் நான் இதை விளங்கிக்கொள்கிறேன். புதிய பாட்டு இல்லாவிட்டால் பழையதற்கு இந்த ஆயுளும் இல்லை.

இடத்தை இழந்தவர்கள் ஒரு காலத்தையே ஊராக்கிக் கொள்கிறார்கள். அதில் பிழையில்லை. ஆனால் அந்த ஊருக்கு வேலி போட்டு, பிள்ளைகளை வெளியே நிறுத்தி, உனக்குக் கிடைத்திருப்பது குப்பைக் காலம் என்று சொல்வது அநியாயம். அவர்களுக்கு வாழ வேறு காலம் இல்லை. மறுபக்கத்தில், எல்லா ரசனையும் ஒன்றுதான் என்று நழுவிவிடுவதும் மரியாதையாகாது. அது அவர்களோடு வாதாட மறுப்பது. ‘வாட்டலூ சன்செற்’ ஏன் எமக்குப் பெரியது என்பதைக் காரணத்தோடு சொல்லலாம். அதற்கு முன் அவர்களுடைய பாட்டொன்றையும் முழுதாக, ஒரு மூன்று தரம் கேட்கவேண்டும். அதன்பின் பிடிக்கவில்லை என்று சொன்னால், அது அவர்கள் காது கொடுத்துக் கேட்கக்கூடிய ஒரு கருத்து.