டாப் வேலை: சில குறிப்புகள்

துரு மேலே தெரியும்போது அதற்கு வயதாகியிருக்கும். அம்பாசிடர் காரின் டாப்பில் பெயின்ட் கொப்புளித்து விரலில் தட்டுப்படுகிறது என்றால், உள்ளே அது பல ஐப்பசிகளைப் பார்த்துவிட்டது என்று பொருள். இரும்பு துருவாகும்போது பருக்கும். முன்பு இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் இரண்டு தகடுகள் சேரும் மடிப்பைப் பிளக்கும், பெயின்ட்டைத் தூக்கும். பழைய கான்கிரீட் வீடுகளில் காரை பெயர்ந்து கம்பி தெரிவதும் இதே கணக்குதான்.

*

பெரம்பலூரில் துறையூர் சாலைப் பக்கம் ஒரு பட்டறை. புளியமர நிழல், தகரக் கொட்டகை, இரண்டு சிலிண்டர், ஒரு திருகாணி மேசை. டிங்கர் வேலை செய்கிறவரை ஊரே பாய் என்றுதான் கூப்பிடுகிறது, நானும் அப்படியே. வந்திருப்பது அரியலூரில் வாடகைக்கு ஓடிய வண்டி. இப்போது உரிமையாளரின் மகன், அப்பா ஓட்டியது என்பதற்காக வைத்திருக்கிறார்.

டாப்பின் இரு ஓரங்களிலும் மழைநீர் வடிய ஒரு மடிப்பு உண்டு. கேரியரின் கொக்கிகள் அதைத்தான் கவ்வும். அந்தக் கேரியரில் இந்த வட்டாரமே ஏறி இறங்கியிருக்கிறது: கல்யாணப் பாத்திரம், சின்ன வெங்காய மூட்டை, தேர்தல் வந்தால் கூம்பு ஒலிபெருக்கி. ஒவ்வொரு முறை முடுக்கும்போதும் கொக்கி பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டும். சுரண்டிய இடத்தில் தூசி தங்கும். தூசியில் ஈரம் தங்கும். அவ்வளவு போதும்.

அரசு வண்டிகளுக்குத் துரு வேறு வழியில் வந்தது. சுழல் விளக்கு பொருத்த நடு டாப்பில் துளை போட்டார்கள். 2017 மே 1 முதல் சிவப்பு விளக்கு கூடாது என்றானபோது விளக்கு இறங்கியது, துளை இறங்கவில்லை. ரப்பர் மூடி வைத்தவை சில, வெறும் பட்டி பூசியவை சில. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் முதல் ரத்தாகிவிட்டதால், அந்தத் துளைகளில் பலவற்றைப் பற்றி இனி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.

*

“பட்டி போட்டா ரெண்டு நாள்ல குடுத்துரலாம் சார். அடுத்த மழைக்கு மறுபடி வருவீங்க. எப்படி வசதி?”

பாய் எல்லா வாடிக்கையாளரிடமும் இதைக் கேட்கிறார். நிறையப் பேர் பட்டியைத்தான் கேட்கிறார்களாம். பழைய வண்டிகளின் கண்காட்சிக்குப் போகும்போது எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: பளபளப்பைப் பார்க்காமல், சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. உரிமையாளர்களுக்கு இது பிடிப்பதில்லை.

*

லைனிங்கைக் கழற்றியாயிற்று. முன்கண்ணாடியையும், அதைச் சுற்றிய பீடிங் ரப்பரையும் எடுத்தாயிற்று. முன்கண்ணாடியின் மேல் மூலைகள் இரண்டும் போய்விட்டன. மழைநீர் ரப்பருக்கு அடியில் புகுந்து அங்கேயே குடியிருந்திருக்கிறது.

பாய் சுத்தியலின் நுனியால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போகிறார். நல்ல தகடு ‘ணங்’ என்கிறது. மெலிந்த தகடு ‘சொத்’. நடுவில் இரண்டும் இல்லாத ஒரு சத்தம் உண்டு. அந்த இடத்தில் அவர் நிற்கிறார், திரும்பத் தட்டுகிறார், சாக்பீஸால் கோடு போடுகிறார். கோடு எப்போதும் துருவைத் தாண்டி நல்ல இரும்புக்குள்தான் விழுகிறது. பார்க்கிறவருக்கு வீணாக வெட்டுவதாகத் தோன்றும். ஆனால் மெலிந்த தகட்டின்மேல் தீ வைத்தால் அது ஓட்டையாகும், ஒட்டாது. வெல்டிங் பிடிக்க நல்ல இரும்பு வேண்டும். அந்த நல்ல இரும்பை அடைய, நன்றாக இருப்பதுபோல் தெரிகிற கொஞ்சத்தையும் இழக்க வேண்டும். இதற்கு மனம் வராதவர்கள்தான் பட்டியிடம் போகிறார்கள் என்று நினைக்கிறேன். பணம் இரண்டாவது காரணம்.

*

அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே எலும்பு. டாப்பும் தூண்களும் சேர்ந்துதான் வண்டியை நிமிர்த்தி வைத்திருக்கின்றன. அதனால் கதவுகளை மாட்டியபடியே, ஒரு மூலையை வெட்டி முடித்த பிறகுதான் அடுத்த மூலை. கதவு இடுக்கு மாறினால் உடல் நகர்ந்துவிட்டது என்று தெரிந்துவிடும்.

மெட்ராஸில் 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு வேறு வகை. தனிச் சேசிஸ், அதன்மேல் பகுதி பகுதியாக உடல். டாப்பை போல்ட் கழற்றித் தனியே இறக்கி, மேசையில் கவிழ்த்துப் போட்டு வேலை பார்க்கலாம். பழுது பார்க்கிறவன்மேல் இரக்கம் கொண்ட வண்டி. நம் ஊர்ச் சாலையும் சுமையும் அம்பாசிடரைத்தான் தேர்ந்தெடுத்தன.

உத்தரபாராவில் 2014 மே மாதத்தோடு உற்பத்தி நின்றது. புதிய டாப் எங்கும் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய டாப் கிடைக்கும், ஆனால் அதுவும் இதே மூலையில்தான் துருப்பிடித்திருக்கும். ஆகவே மூலைத் துண்டைக் கையால்தான் அடிக்க வேண்டும். மரக்கட்டைமேல் தகட்டை வைத்து, வளைவு வரும்வரை தட்டுவது. ஒரு சின்னத் துண்டு மாலைவரை நேரம் வாங்கியது.

*

தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனம். தொடர்ந்து வெல்டு ஓட்டினால் சூட்டில் டாப் அலை அலையாகிவிடும். இங்கே ஒரு புள்ளி, ஆறும்வரை அங்கே ஒரு புள்ளி. நடுவே ஈரத்துணி. பாய் அந்த நேரத்தில் பேசுவதில்லை. டீ வந்தாலும் ஆறட்டும் என்று விட்டுவிடுகிறார்.

இப்போது சி.ஓ.டூ வெல்டிங். அவர் தொழில் கற்ற காலத்தில் கேஸ் வெல்டிங்தான், கார்பைடு கல்லைத் தண்ணீரில் போட்டு அசிட்டிலீன் எடுப்பார்களாம். அந்தக் கார்பைடு, சுட்ட சுண்ணாம்பையும் கரியையும் மின்உலையில் உருக்கிச் செய்வது. இரும்புத் தாதுவை உருக்கும்போதும் கசடு பிரியச் சுண்ணாம்புக்கல் போடுகிறார்கள். அரியலூரைச் சுற்றிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லோ கிரெட்டேசியஸ் காலக் கடலின் தரை. அம்மோனைட் புதைபடிவங்கள் இன்னும் அதில் கிடக்கின்றன. அதைப் பற்றி நிலவியலாளர் பிளான்ஃபோர்டு எழுதிய ஆய்வறிக்கை 1862இலேயே வந்துவிட்டது. அந்தக் கடலை வெட்டித்தான் சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன.

அந்தக் கடலின் தூசிதான் இந்த டாப்பில் இருந்தது. லாரியிலிருந்து பறக்கும் கல் தூசி கழுவினால் போய்விடும். சிமென்ட் தூசி மார்கழிப் பனி பட்டதும் இறுகிவிடும். அதன் காரம் பெயின்ட்டை அரிக்கும். ஆனால் இரும்புக்கு அந்தக் காரம் எதிரியே இல்லை. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதே அதனால்தான். காற்றில் உள்ள கரியமிலவாயு காரத்தைக் குறைத்த பிறகுதான் வினை தொடங்குகிறது. வடிகால் மடிப்பில் இறுகிய சிமென்ட்டும் அப்படி: முதலில் காவல், பிறகு வெறும் அடைப்பு.

*

மிச்சமிருந்த துருக்கறைமேல் பாய் ஏதோ தடவினார், சிறிது நேரத்தில் கறுத்தது. டானின் கலந்த துரு மாற்றி. கடுக்காய்ச் சாற்றில் இரும்பைச் சேர்த்து மை செய்தார்களே, அதே வேதியியல்தான்.

அதன்மேல் ரெட் ஆக்சைடு. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான். துரு ஈரத்தைக் குடித்து உதிரும். இது ஈரம் இல்லாமல், பசையில் கட்டுண்டு, நகராமல் கிடக்கும்.

வெல்டிங் சூட்டில் மூலையின் உட்புறம் பூசியதெல்லாம் கருகியிருக்கும். அங்கே தூரிகை போகாது. ஒரு சின்னத் துளை வழியாக மெழுகு எண்ணெய் பீய்ச்சினார். வெளியே தெரியாத இந்த வேலைக்குக் கூலி கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்றார்.

*

முன்கண்ணாடியைத் திரும்பப் பொருத்தி, லைனிங் போடாமலே தண்ணீர் சோதனை. டாப்பில் ரப்பர் குழாய் வைத்து அரை மணி நேரம். உள்ளே நான் டார்ச் வெளிச்சத்தோடு. இரண்டு மூலைகளும் காய்ந்தே இருந்தன. கசிந்தது பின்கண்ணாடி ரப்பரின் இடப்பக்கம். அதை எடுத்தால்தான் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியும். புதுப்பேட்டையில் பீடிங் சொல்லியிருக்கிறது. அது வரும்வரை கேரியரைத் திரும்ப மாட்டக் கூடாது என்கிறார் பாய், வந்த பிறகும் கொக்கிக்கு அடியில் ரப்பர் வைக்காமல் மாட்ட மாட்டாராம். உரிமையாளர் மகனுக்குக் கேரியர் இல்லாமல் வண்டி அப்பாவுடையது மாதிரியே இல்லையாம். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.