களம் காணச் செல்லுமுன்

குளிர்கால விடுமுறை நெருங்கிவிட்டால், தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இவ்வாண்டு எங்குச் செல்வது என்னும் பேச்சு எழுவது இயல்பு. காசியும் அரித்துவாரமும் கண்டாயிற்று. ஆக்ராவுக்கோ, ஊரிலிருந்து விருந்தினர் வரும்போதெல்லாம் வழித்துணையாகச் சென்று சலித்தேவிட்டது. இந்நிலையில், கோஹிமாவுக்கும் இம்பாலுக்கும் சென்று 1944-ஆம் ஆண்டுப் போர் நடந்த இடங்களையும் அங்குள்ள நினைவுச் சின்னங்களையும் கண்டு வரலாமா என்று நம்மில் சிலர் எண்ணத் தொடங்கியுள்ளோம். திமாப்பூர் வரை செல்லும் வழி, அங்கிருந்து மலையேறும் வண்டி, தங்குமிடம், செலவு ஆகியவற்றைக் கணக்கிடுவது எளிது. பல்லாயிரவர் மாண்ட மண்ணை விடுமுறைப் பொழுதில் பார்க்கச் செல்வது முறைதானா என்பதும், சென்றால் அங்கே யாருக்காகத் தலைவணங்குவது என்பதும் அவ்வளவு எளிதில் தீர்வன அல்ல.

நம் வழக்கத்தில் சுடுகாட்டுக்குச் சென்றவர் நீராடிய பின்னரே வீட்டுப்படி ஏறுவர். அவ்வழக்கில் வளர்ந்த முதியோர், ‘முன்பின் அறியாதவர் இறந்த இடத்தைப் பார்க்கவா பணம் செலவழித்துக் குழந்தைகளையும் அழைத்துப் போகிறீர்கள்?’ என்று கேட்டால், அதைப் பழமை என்று ஒதுக்கிவிடுதல் கூடாது. சாவு வேடிக்கைப் பொருள் அன்று என்னும் நாணம் அக்கேள்வியில் இருக்கிறது. சுற்றுலாத் தொழிலுக்கு அந்த நாணம் கிடையாது. டிசம்பர் முதல் வாரத்தில் நாகர்களின் ஹார்ன்பில் விழா, அதற்கு இடையில் ஒரு மணி நேரம் போர்க்கல்லறை என்று இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தந்துவிடும்.

எனினும் இதே மரபில்தான் நடுகல்லும் உள்ளது. வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டும் சடங்கை, கல்லைத் தேர்ந்து காண்பது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலையாகத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்களில், ஆநிரை கவர்ந்த பூசலில் பட்டவனைக் குறித்துத் தமிழி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். திருவண்ணாமலைப் பகுதியின் எடுத்தனூர்க் கல்லிலோ, தலைவனோடு நின்று கள்வரை எதிர்த்த ஒரு நாயின் பெயரும் உண்டு. கோவிவன் என்பது அதன் பெயர். மகேந்திரவர்மன் காலத்து அக்கல்லைச் செதுக்கியவனுக்கு நாயின் பெயரையும் விடக்கூடாது என்று தோன்றியிருக்கிறது! இக்கற்கள் ஊருக்குள் ஒளித்துவைக்கப்பட்டவை அல்ல. வழிப்போவார் கண்ணிற் படுமாறு வழியோரத்தில் நின்றவை. எழுத்து மழுங்கிய நடுகல்லை நின்று படிக்க முயலும் வழிச்செல்வோரைச் சங்கப் பாடல்களிலேயே காண்கிறோம். ஆதலின், இறந்தாரின் கல்லைத் தேடிச் சென்று பெயரைப் படித்தல் நமக்குப் புதிய பழக்கம் அன்று. எத்தகைய மனத்தோடு படிக்கிறோம் என்பதே ஆராயத்தக்கது.

கோஹிமாவில் நடந்ததைச் சுருங்கக் கூறுவோம். 1944 மார்ச்சு மாதத்தில் முத்தகுச்சி என்னும் தளபதியின் தலைமையில் ஜப்பானியரின் பதினைந்தாம் படை சிந்துவின் ஆற்றைக் கடந்து இந்தியாவுக்குள் புகுந்தது. அதன் ஒரு பிரிவு ஏப்ரல் தொடக்கத்தில் கோஹிமா மலைமுகட்டைச் சூழ்ந்தது. துணை ஆணையர் மாளிகையின் டென்னிஸ் ஆடுகளத்தின் ஒரு புறம் ஒரு படையும் மறுபுறம் மற்றொரு படையும் பதுங்குகுழி வெட்டிக்கொண்டு, பந்தடித்த இடத்தின் குறுக்கே கையெறி குண்டு வீசிப் பொருதன. கோஹிமாவிலிருந்தும் இம்பாலிலிருந்தும் புறப்பட்ட துருப்புகள் சூன் 22-ஆம் நாள் 109-ஆம் மைல்கல் அருகே சந்தித்தபோதுதான் இடைப்பட்ட சாலை திறந்தது.

இப்போரில் நம் சிந்தனைக்கு மிகவும் உரியவர் வென்றவருள் ஒருவர் அல்லர். ஜப்பானியப் பிரிவின் தலைவர் சாத்தோ என்பாரையே குறிப்பிடுகிறோம். ஏறத்தாழ மூன்று வார உணவோடு அனுப்பப்பட்ட படை அது. பின்னால் வருமென்று கூறப்பட்ட உணவும் குண்டும் வரவில்லை. மழையும் பிணியும் சேர்ந்தன. நின்று சாகுமாறு மேலிடத்து ஆணை இருந்தும், எஞ்சியவரைப் பட்டினிக்கு இரையாக்க மனமின்றி அவர் பின்வாங்கினார். பதவி பறிபோயிற்று. விசாரணை மன்றத்தில் உண்மையைச் சொல்ல அவர் காத்திருந்தார். ஆனால் மனநலம் குன்றியவர் என்று முடிவு கட்டி அவ்வாய்ப்பையும் தராது விட்டனர். பின்வாங்கிய பாதை நெடுகிலும் பசியாலும் நோயாலும் வீழ்ந்தோர் கணக்கற்றோர். ஜப்பானியர் அதனை வெள்ளெலும்புச் சாலை என்றே அழைத்தனர். இம்பால், கோஹிமாப் படையெடுப்பில் அவர் தரப்பில் இறந்தோர் சுமார் 30,000 பேர் என்பர்; போரில் பட்டவரினும் பட்டினியாலும் பிணியாலும் மாண்டவரே மிகுதி. ஆணைக்குப் பணியாதவனை வீரன் எனலாமா? சாவை ஏற்பது மட்டுமே வீரம் எனக் கொண்டால் சாத்தோவுக்கு இடமில்லை. பிறர் சாவைத் தடுக்கத் தன் பெயரை இழப்பதும் வீரமே என்று நாம் கருதுகிறோம். அவருக்குக் கோஹிமாவில் கல் இல்லை.

அங்குள்ள போர்க்கல்லறை, படிபடியாக இறங்கும் மலைச்சரிவில் நன்கு பேணப்பட்டு வருகிறது. 1,420 புதைகுழிகள் உள்ளன. ஆடுகளம் இருந்த இடத்தை வெண்கோடுகளால் குறித்துள்ளனர். அதிகாரிக்கும் கடைநிலைச் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். பெயர், படைப்பிரிவு, நாள், வயது. இருபது, இருபத்தொன்று என்று அவ்வயதுகளை வரிசையாகப் படித்துச் செல்லும் தாய்மார், எந்நாட்டவராயினும், சிறிது நேரம் பேச்சற்று நிற்பர். உச்சியில் மற்றொரு நினைவுச் சின்னம் உண்டு. எரியூட்டப்பட்டமையால் குழியில்லாத இந்து, சீக்கிய வீரர் 917 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன. இரண்டாம் டிவிஷன் நினைவுக்கல்லின் புகழ்பெற்ற ஆங்கில வாசகத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவோர் பலர். அந்த 917 பெயர்வரை ஏறுவோர் சிலரே. 2013-இல் இலண்டனில் உள்ள தேசியப் படை அருங்காட்சியகம் நடத்திய வாக்கெடுப்பில் பிரிட்டனின் மாபெரும் போராக இம்பால், கோஹிமாப் போர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அப்போரைப் பொருதவருள் பெரும்பாலோர் இந்தியர். யாருடைய போர், யாருடைய புகழ் என்று நம் பிள்ளைகள் கேட்பார்களாயின் நல்லதே.

இனி, இம்பாலுக்குத் தெற்கே லோக்தாக் ஏரியை ஒட்டிய மொய்ராங்கை நோக்குவோம். ஜப்பானியரோடு சேர்ந்து வந்த இந்திய தேசிய இராணுவத்தின் கர்னல் சௌகத் அலி மாலிக் 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் அங்கே விடுதலைக் கொடியை ஏற்றினார். இன்று அங்கு ஒரு நினைவகமும் அருங்காட்சியகமும் உள்ளன. நேதாஜி 1945 சூலையில் சிங்கப்பூரில் கால்கோளிட்ட நினைவுத்தூணின் படிவம் ஒன்றும் அங்கே நிற்கிறது. சிங்கப்பூரில் எழுப்பிய மூலத்தூணை அவ்வாண்டு செப்டம்பரிலேயே ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்துவிட்டனர். இறந்தோரின் கல்லுக்கு அஞ்சியது ஒரு பேரரசு! மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழர் பல்லாயிரவர். ஜான்சி ராணிப் படையை நடத்திய கேப்டன் லட்சுமி சென்னையைச் சேர்ந்தவர். ஆக, எல்லையின் இருபுறமும் துப்பாக்கி ஏந்தி நின்றவன் இந்தியனே. கோஹிமாவின் 917 பேருக்கு வணங்கிய கையோடு மொய்ராங்கிலும் வணங்கலாமா?

சோழர் இருவர், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும், ஒருவரையொருவர் பகைத்து நின்றபோது கோவூர் கிழார் இடையே சென்று நின்றார். எவர் தோற்பினும் தோற்பது ஒரே குடி என்பது அவர் உரைத்த நியாயம். அந்நியாயம் இங்கும் பொருந்தும். கல் முன்னால் நிற்கும்போது இரு தரப்பாரையும் வணங்குவதில் முரண் இல்லை. ஆனால் அங்கிருந்து, ‘இருவரும் செய்தது சரியே’ என்று ஒரே மூச்சில் கூறி அமைந்துவிடுவது சிந்திக்கச் சோம்பும் வேலை. தேசிய இராணுவம் துணைகொண்ட ஜப்பானியப் படைதான், 1942, 43-ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதையில் மலேயாத் தமிழ்த் தொழிலாளரைப் பல்லாயிரக்கணக்கில் சாகவிட்டது. மறுபுறத்துப் பேரரசின் ஆட்சியில்தான் 1943-இல் வங்கத்தில் இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். உயிர் கொடுத்தவனை மதிப்பது வேறு. எதற்காகக் கொடுக்க வைத்தார்கள் என்று வினவுவது வேறு. முன்னதைச் செய்தால் பின்னது தேவையில்லை என்று நினைவுச் சின்னங்கள் பல நம்மை நம்பவைக்கின்றன. பளிங்கும் புல்வெளியும் மலர்ப்பாத்தியும் கோபத்தை ஆற்றிவிடும் இயல்பின.

இதிலும் நம் இலக்கியத்துக்கு ஒரு விந்தையான வழக்கம் உண்டு. வென்றவனைப் பாடும் பரணிக்குத் தோற்றவனின் பெயரையே இட்டனர். குலோத்துங்கன் வென்றான், நூலின் பெயரோ கலிங்கத்துப் பரணி. பேய்கள் கூழடும் அக்களத்தைச் சுவைத்துப் படித்த நாம், போரை வெறுத்த இனம் என்று பெருமை பேசிக்கொள்ள இயலாது. எனினும் தோற்றோர் பெயர் வென்றோர் புகழோடு நிலைத்த அவ்வழக்கம் எண்ணத்தக்கது. கோஹிமாவில் தோற்றோர் பெயர் காண்பது அரிது. இம்பாலுக்கு அருகே செங்குன்று எனப்படும் மைபம் லோக்பாசிங்கில் மட்டும் ஜப்பானியர் 1994-இல் ஓர் அமைதிச் சின்னம் எழுப்பினர். அதன் அருகே 2019-இல் அமைதி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம் நெஞ்சை உறுத்துவது கல்லே இல்லாதோர் நிலை. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது, இரங்கூனிலும் பிற ஊர்களிலும் வாழ்ந்த இந்தியர் பல இலட்சம் பேர் தாயகம் நோக்கி நடந்தனர். அவருள் தமிழர் தொகை பெரிது. ஒரு கூட்டம் அரக்கான் வழியே சென்றது. மற்றொன்று தாமு, பாலேல், இம்பால் என்று இதே சாலையில் நடந்தது. வெள்ளையருக்கு நல்ல வழி, ஏனையோர்க்குத் தீய வழி என்று வேற்றுமை காட்டினர் எனக் கண்டனம் அன்றே எழுந்தது. வயிற்றுப்போக்கும் மலேரியாவும் பசியும் பல்லாயிரவரை வழியிலேயே விழுங்கின. தோளில் சுமந்த குழந்தையை வழியில் விட்டு நடந்த குடும்பங்கள் எத்தனையோ! அவர்கள் எப்படையிலும் பெயர் பதியாதவர்கள். ஆதலால் எக்கல்லிலும் பெயர் பெறவில்லை. போரில் எரிந்த நாகர் ஊர்களின் மக்களும் இவர்கள் போன்றோரே. வழிகாட்டியாகவும் சுமை தூக்கியும் காயமுற்றோரைச் சுமந்தும் உழைத்தவர் அவர்கள். அவர்களின் பேரரும் பேத்தியரும் வாழும் நகரம் இன்றைய கோஹிமா. கல்லறையைச் சுற்றி இருப்பது வெறும் காட்சிப் பின்னணி என்று கருதாமல், அங்குள்ளோர் வீட்டு முற்றத்தில் நிற்கிறோம் என்னும் அடக்கம் நமக்கு வேண்டும்.

அச்சாலையின் பர்மா எல்லையில் மோரே என்னும் சிற்றூர் உள்ளது. 1962-க்குப் பின் பர்மாவில் வணிகமும் வாழ்வும் பறிபோய்த் தமிழகம் திரும்பிய தமிழருள் சிலர், அங்கே மனம் ஒன்றாமல் தரைவழியே மீண்டும் பர்மாவுக்குச் செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கிவிட்டனர். அங்காள பரமேசுவரிக்குக் கோயிலெடுத்தனர். தமிழ்ச் சங்கமும் கண்டனர். ஊர் விட்டு வந்து தலைநகரில் வாழும் நமக்கு அவர்தம் வரலாறு அயலது அன்று. போர்க்களம் காணச் செல்லும் பயணத்தில் இவர்களைக் காணாமல் திரும்புவது எவ்வகையிலும் பொருந்தாது.

இங்கேதான் நம் திட்டம் தடைப்படுகிறது. 2023 மே மாதத்தில் மணிப்பூரில் மூண்ட இனமோதலில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பல்லாயிரவர் வீடிழந்து முகாம்களில் ஒதுங்கினர். மோரேயிலும் வீடுகள் எரிந்தன. எண்பது ஆண்டுப் பழம்புண்ணைக் காணச் செல்லும் நம்மை, ஆறாத புண்ணோடு இருப்போர் எவ்வாறு நோக்குவர்? பழைய போரின் பதுங்குகுழியை வழிகாட்டி விரல் சுட்டிக் காட்டும்போது, அப்பாலுள்ள எரிந்த வீட்டைக் காணாததுபோல் நிற்க முடியுமா? முடியுமாயின் அப்பயணம் நம்மைக் கெடுக்கும். ‘சாலை திறந்திருக்கிறது, ஆகவே செல்லலாம்’ என்பது காவல்துறையின் அளவுகோல். விருந்தினராக வருவோரை அவ்வூரார் ஏற்கும் நிலையில் இருக்கிறார்களா என்பதே நம் அளவுகோலாக இருத்தல் வேண்டும். அதே வேளையில், அஞ்சி யாருமே செல்லாமல் விட்டால், தாம் மறக்கப்பட்டோம் என்னும் மனக்குறை அம்மக்களுக்கு வளரும். ஆதலால் போகவே கூடாது என்று விதிக்கவும் நாம் துணியவில்லை.

இப்போதைக்குக் கோஹிமாவை மட்டும் உறுதி செய்யலாம் எனக் கருதுகிறோம். நாகாலாந்துக்குள் நுழைய இன்னர் லைன் பர்மிட் வேண்டும். அதனை முன்னரே பெற்றுவிடுதல் நன்று. கல்லறைக்கு ஒரு மணி நேரம் போதாது. காலையில் சென்று, முதலில் உச்சியிலுள்ள 917 பெயர்களிடம் ஏறி, பின்னர்ப் படிபடியாக இறங்கி வருவது முறை. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பெயரை எழுதிக்கொண்டு வந்து, அவர் எந்தப் படைப்பிரிவினர், அப்பிரிவு எங்கிருந்து வந்தது என்று திரும்பிய பின் தேடட்டும். மாலையில் நாகர் குடும்பம் ஒன்று நடத்தும் விடுதியில் தங்கி, அவர்கள் பேச விரும்பினால் கேட்கலாம். மணிப்பூருக்கும் 2020 முதல் பர்மிட் தேவைப்படுகிறது. அதற்கு விண்ணப்பிக்குமுன் மோரேத் தமிழ்ச் சங்கத்தாருக்கு ஒரு மடல் எழுதி, வரலாமா என்று கேட்க இருக்கிறோம். விடை கண்ட பின்னரே இம்பாலுக்குச் சீட்டு எடுப்பது.