மறைவான கொடையும் திறந்த ஏடும்

வலக்கை கொடுப்பதை இடக்கையும் அறியலாகாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கொடுத்ததைச் சொல்லிக் காட்டுபவனை ஊரார் மெச்சுவதில்லை. இன்றோ மருத்துவ ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்யும் அறக்கட்டளைகளை நோக்கி, "எந்த ஆய்வுக்கு, எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்குக் கொடுத்தீர்கள் என்பதைப் பொதுவான ஓர் ஏட்டில் பதியுங்கள்" என்ற வேண்டுகோள் எழுகிறது. மறைத்துக் கொடுப்பது அறமா? பதிந்து கொடுப்பது அறமா? சற்று நின்று சிந்திப்போம்.

பசித்தவனுக்குச் சோறிடும்போது அவன் பசி தீர்வதோடு அக்கொடை நிறைவு பெறுகிறது. அதனைப் பிறர் அறியாதிருப்பதால் எவருக்கும் இழப்பில்லை. ஆராய்ச்சிக்கு வழங்கும் நல்கை அத்தகையதன்று. அது ஒரு கேள்வியை எழுப்புகிறது. அக்கேள்விக்கு விடை காண நோயாளியின் இரத்தமும் சளியும் தேவைப்படுகின்றன. அவர் வேலையை விட்டுவிட்டு மருத்துவமனையில் காத்திருக்கும் பொழுதும் தேவைப்படுகிறது. பணம் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது. ஏற்கெனவே விடை கிடைத்துவிட்ட கேள்விக்காக, அது தெரியாத காரணத்தால், மீண்டும் ஓர் ஏழையின் கையில் ஊசி குத்தப்படுமானால், அந்த அறியாமைக்கு விலை கொடுப்பவர் கொடையாளர் அல்லர்.

புதுவையில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் நாடி வரும் ஜிப்மர் மருத்துவமனை, காசநோய் பற்றிய 'ரிப்போர்ட் இந்தியா' என்னும் கூட்டாய்வில் பங்கேற்ற நிறுவனங்களுள் ஒன்று. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களும் இணைந்து அதற்குப் பொருளுதவி செய்தன. கொடுப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்ததால்தான் பல ஊர்களின் மருத்துவர்கள் பொதுவான நெறிமுறையின்கீழ்ப் பணியாற்ற இயன்றது.

நம் ஊரில் இதைவிடப் பழைய சான்றும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் இங்கே நோய்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்கள் நம் சாக்கடைகளிலும் கழிவுநீர்க் குழிகளிலும் பெருகிக் கிடந்த காலம் அது. 1981 முதல் 1985 வரை அம்மையம் இந்நகரிலேயே கொசு ஒழிப்புத் திட்டமொன்றை நடத்தியது. பூச்சிமருந்தை மட்டும் நம்பாமல், கொசு பிறக்கும் இடங்களையே குறைப்பது அதன் வழி. ஏழைகளின் காலைப் பற்றும் இந்நோயைப் பற்றி வினவினால் வணிகருக்கு என்ன இலாபம்? பொதுப்பணம் முன்வந்ததால் அக்கேள்வி கேட்கப்பட்டது. அவ்வாறு எவரும் முன்வராத நோய்களின் நிலை என்ன?

பொது ஏட்டின் பெரும்பயன் இங்கேதான் விளங்குகிறது. எழுதப்பட்டவற்றை மட்டுமன்றி, எழுதப்படாத பக்கங்களையும் அது காட்டும். வளர்ச்சிக்கான நலவாழ்வு ஆராய்ச்சி பற்றிய பன்னாட்டு ஆணையம் 1990-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. தவிர்த்திருக்கக்கூடிய சாவுகளின் சுமையில் 93 விழுக்காட்டை வளரும் நாடுகள் சுமந்தன. உலகின் நலவாழ்வு ஆராய்ச்சிப் பணத்திலோ 5 விழுக்காடு மட்டுமே அந்நாடுகளின் நோய்களுக்குச் செலவாயிற்று. 1986-ஆம் ஆண்டின் மதிப்பீடு இது. தனித்தனிக் கொடையாளர் ஒவ்வொருவரும் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்திருப்பர். எல்லாருடைய கணக்கையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தபோதுதான் அநீதி கண்ணுக்குத் தெரிந்தது.

இதனை உணர்ந்தோர் உலகில் உண்டு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவும் நிறுவனங்கள் 2000-ஆம் ஆண்டு முதல் ஒரு பன்னாட்டுக் கூட்டமைப்பாக இணைந்து, தம் நல்கைகளைப் பொதுவான வகைப்பாட்டில் தொகுத்து வருகின்றன. அமெரிக்காவில் இலாப நோக்கமற்ற கொடையாளர்களின் 'ஹெல்த் ரிசர்ச் அலையன்ஸ்' தன் உறுப்பினர்களின் நல்கைகளைச் சேர்த்து ஒரு தரவுத்தளத்தை உருவாக்கியது. நம் நாட்டில் 2007 ஜூலையில் தொடங்கப்பட்ட மருத்துவச் சோதனைகளின் பதிவேடு, ஒவ்வொரு சோதனைக்கும் பொருளுதவி எங்கிருந்து வருகிறது என்பதையும் பதியச் சொல்கிறது. 2009 ஜூன் முதல் மருந்துச் சோதனைகளுக்கு இப்பதிவு கட்டாயமாக்கப்பட்டது. ஆயினும் அது சோதனைகளின் ஏடு. கொடைகளின் ஏடு அன்று. சாக்கடையையும் கொசுவையும் ஆய்வுக்கூடத்தையும் பற்றிய எத்தனையோ ஆய்வுகள் அதன் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

இத்தகைய ஏட்டில் ஆபத்தும் உண்டு. "இதற்கு ஏற்கெனவே ஒருவர் கொடுத்துவிட்டார்" என்று ஏட்டைப் புரட்டியவுடன் கதவை அடைத்துவிடும் சோம்பல் தோன்றலாம். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசியின் வரலாறு இங்கே நமக்குப் பாடம். 1950-இல் பிரிட்டனில் தொடங்கிய ஆய்வு, அத்தடுப்பூசி சிறந்த பாதுகாப்புத் தருவதாகக் கண்டது. அதோடு நின்றிருந்தால்? 1968-இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டு அதே கேள்வி மீண்டும் கேட்கப்பட்டது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்க அத்தடுப்பூசி இங்கே பயன்படவில்லை என்ற விடை 1979-இல் வெளிவந்தது. ஆகவே மறுமுறை கேட்பதெல்லாம் வீணன்று. தெரிந்தே, காரணத்தோடு மீண்டும் கேட்பது அறிவுடைமை. தெரியாமல் மீண்டும் கேட்பதுதான் விரயம். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கே ஏடு தேவைப்படுகிறது. தீர்ப்பை அது வழங்காது, மனிதரே வழங்க வேண்டும்.

அவ்வாறே எல்லாவற்றையும் திறந்து வைக்க வேண்டும் என்பதும் இல்லை. நல்கை மறுக்கப்பட்ட இளம் ஆய்வாளரின் எண்ணத்தை ஊரறியச் செய்தால், வலியவர் அதனை எடுத்துக்கொள்வர். நோயாளியின் பெயரும் ஊரும் எந்நாளும் மறைவாகவே இருத்தல் வேண்டும்.

மறைவாகக் கொடுக்கும் அறம் இதனால் அழிந்துபோகுமா? அழியாது. கொடுத்தவர் தம் பெயரை மறைத்துக்கொள்ளட்டும். அது அவருடைய தாழ்ச்சி. கேள்வியையும் தொகையையும் விடையையும் மறைக்கும் உரிமை அவருக்கு இல்லை. அவை நோயுற்றோரின் உடைமை. தற்பெருமையைத் தடுப்பதற்காகச் சொல்லப்பட்ட அறிவுரையைக் கணக்குக் கொடாமைக்குக் கேடயமாக்குவது முறையாகாது.

மறைந்த பெற்றோரின் நினைவாக மருத்துவ ஆராய்ச்சிக்குச் சிறு தொகை ஒதுக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆயிரமாயினும் கோடியாயினும், கொடுக்குமுன் மூன்றைக் கேட்போம். இக்கேள்வியை முன்பே எவரேனும் கேட்டனரா? இதற்கு நாம் உதவுவது பிற கொடையாளருக்குத் தெரியுமா? ஆய்வு தோற்றாலும் அதன் முடிவு வெளியிடப்படுமா? இவற்றுக்கு மறுமொழி பெற்றபின் நம் பெயரை எழுதாமலே பணத்தைக் கொடுத்துவிட்டு வரலாம். நம் இடக்கை அறியாவிட்டாலும், அடுத்த ஊரில் அதே நோய்க்கு உதவ எண்ணும் இன்னொருவர் அறிந்திருப்பார்.