கேட்க முடியாத காசு

ஓட்டல் சப்ளையருக்கு டிப்ஸ் வைக்கணுமா என்று யாரிடம் கேட்டாலும் பேச்சு இரண்டே நிமிடத்தில் ‘அவங்க அதுக்குத் தகுதியானவங்களா?’ என்ற இடத்துக்கு வந்துவிடுகிறது. ‘தட்டை எடுத்துட்டு வந்து வைக்கிறதுக்குத்தானே சம்பளம் வாங்குறான்?’ என்பார் ஒருவர். ‘பேங்க்ல பாஸ்புக் எண்ட்ரி போடறவருக்கு வைக்கிறியா?’ என்பார் இன்னொருவர். ‘நல்லா கவனிச்சா வைப்பேன், இல்லன்னா இல்ல’ என்பவர் நடுநிலைவாதி. மூன்று பேரும் நியாயமாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் மூன்று பேருமே சாப்பிட உட்கார்ந்த நாற்காலியை நீதிபதியின் நாற்காலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். என் உறுத்தல் அங்கேதான் தொடங்குகிறது.

எங்கள் திருநாவலூர், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. விழுப்புரத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில் அந்தச் சாலையோரம் ஓட்டல்களுக்குப் பஞ்சமில்லை. பஸ் நிற்கும், கூட்டம் இறங்கும், கால் மணி நேரத்தில் சாப்பிட்டு ஏறிவிடும். உள்ளூர் மெஸ்ஸில் வைக்கும் டிப்ஸுக்கு ஒரு கணக்கு உண்டு. நாளைக்கும் அங்கேதான் போகப் போகிறோம். இரண்டாவது தடவை சாம்பார் கேட்காமலே வரும். நெடுஞ்சாலை ஓட்டலில் அந்தக் கணக்கு செல்லாது. அந்த முகத்தை நாம் மறுபடி பார்க்கப் போவதே இல்லை. சாப்பிட்டு முடித்தாயிற்று, பஸ் ஹாரன் அடிக்கிறது. இனிமேல் வைக்கும் பத்து ரூபாயால் நமக்கு ஒரு லாபமும் இல்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ராபர்ட் ஃப்ராங்க்கும் திரும்பிப் போகாத ஓட்டலில் மனிதர்கள் ஏன் டிப்ஸ் வைக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். சுயலாபத்தை மட்டும் வைத்து மனிதனை விளக்குகிறவர்களுக்கு அது சங்கடமான கேள்வி.

ஒரு ராத்திரி, கூட்டம் இல்லாத நேரத்தில், அந்தச் சாலையோர ஓட்டல் ஒன்றில் சப்ளையரிடம் பேசிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து வயது இருக்கும்.

‘முன்னல்லாம் ஷிப்டு முடியறப்ப பாக்கெட்டுல நூறு, நூத்தம்பது இருக்கும்ணா. இப்ப எல்லாரும் கல்லாவுல ஸ்கேன் பண்ணிட்டுப் போயிடறாங்க. சில்லறையே கைக்கு வர்றதில்ல.’

‘கேட்டுப் பாக்கலாம்ல தம்பி?’

‘எப்படிண்ணா கேக்கறது? கேட்டா பிச்சை ஆயிடும். சம்பளம் ரெண்டு நாள் தள்ளிப்போனா ஓனர்கிட்ட சத்தம் போட்டே கேட்டுடுவேன். அது என் காசு. இது கஸ்டமர் காசு.’

பல நாள் நான் முட்டி மோதிய விஷயத்தை அந்தத் தம்பி தண்ணி ஜக்கைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டார். கேட்கக்கூடியது கூலி. கேட்க முடியாதது இனாம். தகுதி என்ற சொல்லுக்குக் கேட்கக்கூடிய இடத்தில்தான் பொருள் உண்டு. ஒருவருக்கு ஒன்று உரியது என்றால், அது வராதபோது அவர் சண்டை போடலாம். சண்டை போடும் உரிமையைத் தராமல் ‘நீ தகுதியானவனா?’ என்று மட்டும் விசாரிப்பது எந்த ஊர் நியாயம்?

சட்டமும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. ஐடிசி ஓட்டல் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், கார்டில் வசூலாகி நிறுவனம் வழியாக ஊழியருக்குப் போகும் டிப்ஸ் சம்பளம் ஆகாது என்றது. சம்பளம் என்றால் ஊழியர் முதலாளியிடம் உரிமையோடு கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். டிப்ஸ் வாடிக்கையாளர் விரும்பினால் தருவது. சேவைக் கட்டணத்தை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறைகள் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறைகள் செல்லும் என்றது. வாடிக்கையாளருக்கு நல்ல தீர்ப்புதான். அதே நேரம், சப்ளையரின் அந்தக் காசு முழுக்க முழுக்க நம் மனசைப் பொறுத்தது என்பதும் இதனால் இன்னும் உறுதியானது.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிடாமல் இருக்க முடியவில்லை. திருநாவலூரில் பிறந்த சுந்தரர் வாங்குவதற்கு வெட்கப்பட்டவரே இல்லை. திருமுதுகுன்றத்தில், அதாவது இன்றைய விருத்தாசலத்தில், இறைவனிடம் 12,000 பொன் பெறுகிறார். மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுக்கிறார். உரைத்துப் பார்த்தால் மாற்று குறைகிறது. ‘சாமி கொடுத்தது, இதுவே பெருசு’ என்று அவர் கும்பிட்டுவிட்டுப் போகவில்லை. மறுபடி பாடுகிறார், மாற்று சரியாகிறது என்கிறது பெரியபுராணம். இதே மனிதர்தான் திருப்புகலூரில், கொடுக்க மனமில்லாதவர்களிடம் இல்லாத பெருமையைப் பாடித் திரிய வேண்டாம் என்று புலவர்களுக்குச் சொன்னவர்.

அவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? பக்கத்துத் திருவெண்ணெய்நல்லூரில் சபையில் காட்டப்பட்ட ஓலையிலிருந்து என்று நினைக்கிறேன். அது அடிமை ஓலைதான். ஆனாலும் எழுத்தில் இருக்கும் உறவு இரண்டு பக்கத்தையும் கட்டுகிறது. ‘நான் உன் ஆள், எனக்கு நீ பதில் சொல்’ என்று கேட்க இடம் கிடைக்கிறது. சப்ளையருக்கும் நமக்கும் நடுவில் அப்படி ஓர் ஓலை இல்லை. ‘பத்து ரூபாய்தானா?’ என்று அவர் உரைத்துப் பார்க்க முடியாது. அவரால் முடிந்தது சிரிப்பது மட்டும். அந்தச் சிரிப்பையும் நாம் மார்க் போடுகிறோம்.

அப்படியானால் டிப்ஸையே ஒழித்துவிடலாமே என்று கேட்கலாம். டிப்ஸ் இருப்பதால்தான் முதலாளி சம்பளத்தை ஏற்றாமல் தப்பிக்கிறார் என்ற வாதத்தில் பெரிய உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டியதோ வெறும் 2.13 டாலர், 1991இலிருந்து அதே தொகை. மீதியை டிப்ஸ் நிரப்ப வேண்டும், நிரம்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். அதாவது சம்பளத்தின் ஒரு பகுதியே கேட்க முடியாத காசாக மாறிவிட்டது. பணக்காரர்கள் செய்யும் உதவியே பெரும்பாலும் அநீதியான ஏற்பாட்டினால்தான் சாத்தியமாகிறது என்று காண்ட் சந்தேகப்பட்டார். சரியான சந்தேகம்.

ஆனால் என் கொள்கைக்காக நான் வைக்காமல் எழுந்து போனால் முதலாளிக்கு ஒன்றும் குறையப் போவதில்லை. என் புரட்சிக்கு அந்தத் தம்பிதான் பத்து ரூபாய் செலவு செய்கிறார். அடுத்தவர் பாக்கெட்டில் கைவிட்டு நடத்தும் அறப்போராட்டம் எனக்கு உவப்பாக இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் காசு முகத்தைத் தேடிப் போகும் காசு. சப்ளையர் கண்ணில் படுகிறார். எச்சில் இலையை எடுத்து டேபிள் துடைக்கும் அம்மாவை நாம் எழுந்த பிறகுதான் அந்தப் பக்கம் விடுகிறார்கள். பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறவரும், கல்லின் முன்னால் வேகும் பரோட்டா மாஸ்டரும் நமக்கு முகமே இல்லாதவர்கள். தகுதிதான் அளவுகோல் என்றால் வரிசை தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? ‘நல்ல கவனிப்பு’ என்று நாம் பாராட்டுவதில் பாதி அவர்கள் செய்தது.

அதனால் தகுதி என்ற சொல்லைச் சம்பளத்தோடு விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே அது உரக்கப் பேசப்பட வேண்டிய சொல். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டு ஓட்டல் தொழிலும் கொண்டுவரப்பட்டது. அந்தக் கூலி உண்மையில் கைக்கு வருகிறதா, வார விடுமுறை உண்டா என்பதெல்லாம் நாம் நீதிபதி நாற்காலியில் உட்காரத் தகுந்த கேள்விகள். டிப்ஸ் வைக்கும்போது அந்த நாற்காலி வேண்டாம். சிரித்தாரா, சட்னி சீக்கிரம் வந்ததா என்று பார்க்காமல், முடிந்ததை வைக்கலாம். மொபைலில் பணம் கட்டுகிறவர்கள் சட்டைப் பையில் நாலு பத்து ரூபாய்த் தாள் வைத்துக்கொள்வது பெரிய சிரமமில்லை. அதில் ஒன்றை, டேபிள் துடைக்க வரும் அம்மாவுக்காக ஒரு நிமிடம் நின்று, அவர் கையிலேயே கொடுக்கலாம். பஸ் அதற்குள் போய்விடாது.