பல திறமைகளும் ஒரு பாதையும்

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களில், கணிதத்தில் தேர்ந்து, கூடவே பல ஆண்டுகள் சங்கீதமோ நாட்டியமோ பயின்ற பிள்ளைகள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், 'எதை எடுப்பது?' என்று அவர்கள் கேட்கிறார்கள். பெரியவர்கள் பெரும்பாலும் மதிப்பெண்ணையும் சம்பளத்தையும் காட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். ஒன்றை ஏற்றால் மற்றவற்றுக்குத் துரோகம் செய்கிறோமோ என்ற அச்சமே இக்கேள்வியின் அடியில் இருக்கிறது. அதற்குச் சம்பளக் கணக்கு பதிலாகாது.

செம்பூரை அடுத்த டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையத்தை நிறுவிய ஹோமி பாபாவின் இளமை இங்கே சிந்திக்கத் தக்கது. 1909-இல் மும்பையில் பிறந்த அவர் ஓவியம் தீட்டினார், மேலைநாட்டுச் செவ்வியல் இசையில் தோய்ந்திருந்தார், கணிதத்திலும் வல்லவர். குடும்பமோ அவரைப் பொறியாளராக்க விரும்பியது. தொராப்ஜி டாட்டா அவருடைய அத்தையின் கணவர். ஜாம்ஷெட்பூர் உருக்காலை அவருக்காகக் காத்திருந்தது. 1927-இல் இயந்திரப் பொறியியல் படிக்கக் கேம்பிரிட்ஜ் சென்றவர், மறு ஆண்டே தந்தைக்குக் கடிதம் எழுதினார்: அத்தகைய தொழில் தம் இயல்புக்கு முற்றிலும் மாறானது, இயற்பியலே தம் வழி என்று. தந்தை ஜஹாங்கீர் மறுக்கவில்லை. உடனே இசையவும் இல்லை. முதலில் பொறியியலை முதல் வகுப்பில் முடிக்கட்டும், பிறகு கணிதம் படிக்க உதவுவதாகச் சொன்னார். 1930-இல் மகன் அவ்வாறே முடித்தார். 1932-இல் கணிதத்திலும் முதல் வகுப்புப் பெற்றார்.

இந்த நிபந்தனை வெறும் பிடிவாதம் அன்று. கடினத்துக்கு அஞ்சி விலகுவதும், இயல்பை உணர்ந்து விலகுவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். குருக்ஷேத்திரத்தில் வில்லை நழுவவிட்ட அர்ஜுனன், பிச்சையேற்று வாழ்வதே மேல் என்றான். அது துறவன்று, துயரத்தின் பேச்சு. கண்ணன் அதை ஏற்கவில்லை. கீதை 3-ஆம் அத்தியாயத்திலும் 18-ஆம் அத்தியாயத்திலும் சுவதர்மத்தை வற்புறுத்துவது இந்தப் பின்னணியில்தான். ஒன்றைத் தம்மால் செய்ய முடியும் என்று காட்டிய பின்னும் ஒருவர் அதை விடுகிறார் என்றால், அந்த விலகலில் பயம் இல்லை என்று நம்பலாம். எது நன்றாக வருகிறது என்பதைவிட, எதன் சலிப்பையும் தோல்வியையும் பொறுத்துக்கொண்டு மறுநாளும் அதனிடமே மனம் திரும்புகிறது என்பதே சுபாவத்தை அதிகம் காட்டும். அதைப் பதினேழு வயதில் ஒரே மாலையில் கண்டுபிடித்துவிட முடியாது.

பாபாவின் குடும்பத்துக்குச் செல்வம் இருந்தது, காத்திருக்க முடிந்தது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபம். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அங்கே நன்றாகப் படம் வரையும் ஓர் இளைஞன், வீட்டு வாடகைக்காகக் கிடைத்த வேலைக்குச் சென்றால் அது கடமை, உயர்ந்த கடமையும்கூட. ஆனால் அந்த வேலையே அவனுடைய சுவதர்மம் என்று சொல்லி அவன் ஏக்கத்தை அடக்குவது சாஸ்திரத்தைத் தவறாகக் கையாள்வதாகும். வறுமை விதித்தது வேறு, சுபாவம் விதித்தது வேறு. இரண்டையும் சுமக்கும் அவனுக்கு இரவில் அரை மணி நேரமாவது காகிதமும் வண்ணமும் கிடைக்கச் செய்வது வீட்டாரின் பொறுப்பு.

தொழிலாக ஏற்காத திறமைகள் என்ன ஆகின்றன? பாபா தூரிகையை விட்டுவிடவில்லை. 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கியவர், அதற்கென இந்திய ஓவியர்களின் படைப்புகளை ஆர்வத்துடன் சேகரித்தார். கொலாபாவில் அந்நிலையத்தின் முகப்புக் கூடத்தை எம்.எஃப். ஹுசைனின் பெரிய சுவரோவியம் அலங்கரிக்கிறது. டிராம்பேயிலோ, அணு உலைகளுக்குக் காட்டிய அக்கறையை அவர் அங்குள்ள மரங்களுக்கும் தோட்டங்களுக்கும் காட்டினார்.