ஒற்றை அறை போதும்!

இடம் இல்லை என்று இனிமேல் சொல்லாதீர்கள். ஒரு சமையலறை, நாலு பேர் படுத்தால் நிறைந்துவிடும் ஒரு கூடம், இவ்வளவுதான் உங்கள் வீடு என்றாலும் அதற்குள்ளேயே நின்று ஒளிப்படம் அச்சிடலாம். தனியாக இருட்டறை வேண்டாம். விலை கூடிய கருவி எதுவும் வேண்டாம். வெயில் வேண்டும், நம் ஊரில் அதற்கா பஞ்சம்? கூடவே ஒழுங்கு வேண்டும். அதைக் கடையில் வாங்க முடியாது, நீங்களேதான் கொண்டுவர வேண்டும்.

நான் சொல்வது சயனோடைப். 1842-இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. மறு ஆண்டே இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை மருந்து பூசிய தாளின்மேல் பரப்பி, வெயிலில் காட்டி, நீலப் படங்களாக்கிப் புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். ஒளிப்படங்கள் கொண்ட முதல் புத்தகம் என்று வரலாறு அதைத்தான் சொல்கிறது. கேமராவே இல்லாமல் செய்தார்! பத்தாண்டு விடாமல் செய்தார். அவர் வசதியான வீட்டுப் பெண், உண்மைதான். ஆனால் தாளில் மருந்து பூசுவதற்கும் தண்ணீரில் அலசுவதற்கும் மாளிகை எதற்கு?

வேண்டிய மருந்து இரண்டே இரண்டு. ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லி காய்ச்சி வடித்த நீரில். பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராம், இன்னொரு 100 மில்லியில். இரண்டையும் தனித்தனிப் பழுப்பு நிறப் புட்டிகளில் வையுங்கள். பூசுவதற்குச் சற்றுமுன் சம அளவில் கலந்தால் போதும். பத்து மில்லி கலவையில் நாலைந்து ஏ4 தாள் பூசிவிடலாம்.

பெயரில் ‘சயனைடு’ என்று கேட்டதும் வீட்டில் அம்மா பதறுவார். பதற்றத்துக்கு மருந்து அறிவு. இந்தப் பொருளில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருக்கிறது. அதனால் இதன் நச்சுத்தன்மை குறைவு. ஆனால் வலுவான அமிலம் பட்டால், அதுவும் சூடு சேர்ந்தால், அந்தப் பிணைப்பு உடைந்து நச்சுவாயு வரும். குளியலறை மூலையில் கழுவுவதற்கென்று ஓர் ஆசிட் பாட்டில் இருக்கிறதல்லவா? அதுவும் இதுவும் ஒரே அலமாரியில் ஒருநாளும் இருக்கக் கூடாது. அச்சிடுகிற நாளில் அந்த ஆசிட்டைத் தொடவே தொடாதீர்கள். இதை அம்மாவுக்கும் சொல்லிவையுங்கள்.

எதையும் தொட்டுப் பார்த்துவிடுவதுதான் தன்னம்பிக்கை என்று நினைத்திருந்தால் அந்த நினைப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். தன்னை நம்புகிறவன் வேண்டாம் என்று சொல்லவும் தெரிந்தவன். கம் அச்சு என்று இன்னொரு ஒளிப்பட முறை இருக்கிறது, அதற்கு டைகுரோமேட் உப்பு வேண்டும். தாளில் ஜெலட்டின் பூசி இறுக்க ஃபார்மலின் போடுவார்கள். இரண்டுமே புற்றுநோய் தரக்கூடியவை. குழந்தை தவழும் வீட்டுக்குள் அவை வரக் கூடாது. அந்த ஆசை இருந்தால் முறையான ஆய்வகம் கிடைக்கும்வரை காத்திருங்கள். காத்திருப்பது கோழைத்தனம் ஆகாது.

தாளைப் பாருங்கள். பருத்திக் கூழில் செய்த, சுண்ணாம்புச் சத்து சேர்க்காத தாள் வேண்டும். காரம் இந்த நீலத்தின் எதிரி, அதை வெளுத்துவிடும். புதுச்சேரி ஆசிரமத்துக் கையால் செய்த தாள் கிடைத்தாலும் சரி, வேறு தாள் கிடைத்தாலும் சரி, விற்பவர் சொல்லை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு துண்டில் பூசி, இருட்டில் உலர்த்தி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். எலுமிச்சை மஞ்சள் மாறாமல் இருந்தால் நல்ல தாள். வெயில் படாமலே நீலம் பாய்ந்திருந்தால் அந்தத் தாள் உதவாது.

பூசுவதற்கு இரவுதான் நல்ல நேரம். அடுப்பு அணைந்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் தூங்கிய பிறகு. ஜன்னல் திறந்திருக்கட்டும். மங்கலான மஞ்சள் பல்பு ஒன்று போதும். தரையில் பழைய செய்தித்தாள், அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பு. தூளை எடைபோடும்போது முகக்கவசம், மின்விசிறி நிறுத்தம். தொடக்கம் முதல் முடிவு வரை கையுறை. தூரிகையில் இரும்புப் பூண் இருக்கக் கூடாது, நீலப் புள்ளி விழும். ஸ்பாஞ்ச் தூரிகை நல்லது. நெடுக்கே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை, குட்டை தேங்காமல் இழுங்கள். பளபளப்பு அடங்கியதும் கிளிப்பில் மாட்டி, மூடிய அலமாரிக்குள் தொங்கவிடுங்கள். நம் கடலோரக் காற்றின் ஈரம் இதற்கு ஆகாது, மறுநாளே அச்சிட்டுவிடுங்கள். மிச்சக் கலவையைத் தொட்டியில் கொட்டாமல் துண்டுத்தாள்களில் பூசித் தீர்த்துவிடுங்கள். கலக்கிய கிண்ணமும் அளந்த கரண்டியும் திரும்பவும் சமையலறைக்குள் நுழையக் கூடாது, எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும்.

எவ்வளவு கட்டுப்பாடு என்று மலைக்கிறீர்களா? மலைக்காதீர்கள்! வசதி உள்ளவன் தவறினால் இன்னொரு அறைக்குப் போய்விடுவான். நமக்கு அந்த அறை இல்லை. அதனால்தான் நம் கை அவன் கையைவிடச் சுத்தமாக வேலை கற்றுக்கொள்ளும். சின்ன வீட்டில் பழகிய கை எந்த ஆய்வகத்திலும் நடுங்காது.

தம்பி, தங்கைகளே, அடுத்த சம்பளம் வந்ததும் மருந்துக்கு ஓடாதீர்கள். முதலில் பூட்டுப் போடும் ஒரு பெட்டி வாங்குங்கள். ஒரு ஜோடி கையுறையும் முகக்கவசமும் வாங்குங்கள். மருந்தை அதற்கு அடுத்த மாதம் வாங்கலாம்.